மூளிக் காது

பூம்பாறை
9-10-1957

தங்கச்சி தமயந்திக்கு வேலுத்தாய் எழுதுகிறேன்.

அன்றைக்கு அப்படி ஒன்றும் குளிரவில்லை. பெருமாள்மலையில் சித்தப்பா வீட்டில் உன் கல்யாணத்தை உறுதி செய்துவிட்டு, எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய் வரிசையாக நின்றோம். அப்போது நீ என் பக்கம் வந்து, "குளிருதுல்லக்கா, முக்காடு போட்டுக்க" என்றாய். சொன்னதோடு விடாமல் நீயே என் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் கழுத்தோடு சேர்த்துச் செருகியும் விட்டாய். நான் பூம்பாறைக்காரி. வெள்ளனே எழுந்து பனியில் நின்று பூண்டுப் பாத்தியில் களையெடுக்கிறவள். எனக்கு உச்சிப்பொழுதில் குளிருமா? தங்கச்சி பாசத்தில் செய்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் நின்றேன்.

நேற்றுப் போட்டோ வந்தது. உன் மச்சான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இதுல எந்தக் கெழவி நீயி?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ மூடியது என் தலையை அல்ல, என் காதை.

மாப்பிள்ளை குமாரவேல் தன்மையான பிள்ளையாகத் தெரிகிறார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, சொந்த வீடு, ஒரே மகன். குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் மாமியாராகப் போகிற சிவபாக்கியத்தம்மாள்தான் என்னிடம் பேசிய நேரமெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தண்டட்டி ஆடுகிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் ஆடியது. நகையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நீ படித்தவள். டீச்சர் வேலை பார்க்கிறவள். மனதில் என்ன இருக்கிறதோ அதை எழுது. அப்பா அம்மா இல்லாத குறைக்கு நானும் உன் மச்சானும்தான் உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சபையில் பேசி முடித்தாயிற்று. தை பதினேழாம் தேதி மணவறையிலும் எனக்குக் குளிரும் என்று சொல்வாயோ?

வேலுத்தாய்


செண்பகனூர்
14-10-1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் மற்ற டீச்சர்கள் எதிரில் படிக்க முடியாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன். நீ எழுதியது சரிதான். அன்றைக்குக் குளிரவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில் அவருடைய அம்மா என்னைத் தனியாக அழைத்து, "ஒங்க அக்கா காது இன்னமும் பழைய மாதிரிக் கெடக்கே, ஒண்ணும் செய்யலயாம்மா?" என்று கேட்டார். அவரே தன் தோட்டைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் ஒரு காலத்தில் தோளில் இடிக்கிற காதுதானாம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அறுத்துத் தைத்துக்கொண்டாராம். உற்றுப் பார்த்தால் கோடு தெரிகிறது. "எங்க பக்கம் மெட்ராஸ்காரங்கள்ளாம் வருவாங்க. தாரை வார்க்கிற எடத்துல எல்லார் கண்ணும் ஒங்க அக்கா மேலதான இருக்கும்" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா, மலைக்குக் கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இதை இப்போது சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, தொங்குகிற சதையை எடுத்துவிட்டுத் தைத்துவிடுகிறார்களாம். அரை மணி நேர வேலை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா கூடச் செய்துகொண்டுவிட்டாள். பிறகு சின்னதாகக் குத்தி, கல் தோடு போட்டுக்கொள்ளலாம்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தமயந்தி


பூம்பாறை
22-10-1957

தமயந்திக்கு,

கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதியதற்கு ரொம்பச் சந்தோஷம்.

வளர்த்த காது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் உனக்கு வளர்க்கவில்லை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னாலேயே அம்மா கத்தி முனையால் குத்திப் பஞ்சைத் திரித்து வைத்துவிட்டாள். புண் ஆற ஆறப் பஞ்சைப் பெரிதாக்குவாள். அப்புறம் ஈயக் குணுக்கு. ஒன்று, இரண்டு, நாலு என்று கனம் ஏறும். படுத்தால் வலி, திரும்பினால் வலி. அழுதால், "நாளைக்கு ஒன்ன எவன் கட்டுவான்?" என்பாள். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் யார் காது முதலில் தோளைத் தொடும் என்று அளந்து பார்ப்போம். நான்தான் முதல்.

உன் மச்சானின் அம்மா என்னைப் பெண் பார்க்க வந்தபோது நிறத்தைக் கேட்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. என் காதைக் கையில் ஏந்திப் பார்த்து, "புண்ணு பாயாம, கோணாம, சீரா வளத்துருக்காக" என்று சொல்லி வெற்றிலை மாற்றினார். பதினாறு வயதில் இந்த மலையில் என்னை அழகி என்று சொல்லாதவர் இல்லை. திருவிழாவில் என்னைப் பார்க்கவென்று மன்னவனூரிலிருந்து பெண்கள் வந்தார்கள். இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின கதை அல்ல. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. காது அதே காதுதான், முகமும் அதே முகம்தான். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, அழகு மட்டும் எழுந்து எங்கேயோ போய்விட்டதாம். அதைத் துரத்திக்கொண்டு நான் கத்திக்குக் காதைக் கொடுக்க வேண்டுமாம்.

என்னால் ஆகாது. உன் மாமியாருக்குக் கண் உறுத்தினால் வேறு பக்கம் பார்க்கட்டும். நீயும் நாளைக்கு அவர் சொன்னார் என்று மூக்கை அறுத்துக்கொண்டு நிற்காதே.

வேலுத்தாய்


செண்பகனூர்
3-11-1957

அக்காவுக்கு,

இதைப் பத்து நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருஷம் நீ ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? வகுப்பு வாசலிலேயே நின்று, "தமயந்தி டீச்சரு எங்க அம்மணிகளா?" என்று கேட்டாய். நீ போன பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று உன்னிடம் சொல்லவில்லை. ரப்பர் வளையத்தைக் காதில் மாட்டி, அதில் சாவியையும் பென்சில் சீவுகிற மெஷினையும் தொங்கவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினார்கள். ஒரு வாரம் நடந்தது. அடித்திருக்கலாம். நான் அடிக்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான் யாருடைய தங்கை என்று இன்னும் நன்றாக நினைவு வைத்துக்கொள்வார்களே என்று பயந்தேன்.

என்னைப் பெண் பார்த்தபோது அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. "நெறம் மட்டுத்தான். ஒசரமும் கம்மி. ஆனா காதும் மூக்கும் அளவா இருக்கு." அந்த அளவான காதுதான் என்னைக் கரை சேர்த்திருக்கிறது. வேறு என்ன இருக்கிறது என்னிடம்? தினமும் ராத்திரி பாலாடையும் கடலைமாவும் பூசிக்கொண்டு படுக்கிறேன். அவர் வீட்டில் என்னை என்ன சொல்லிவிடுவார்களோ என்று சாப்பாடு இறங்கவில்லை. நீ அழகியாக இருந்தவள். ஒரு தரமாவது எல்லோரும் உன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு நாளாவது பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். நீ இப்படியே வந்து நின்றால் உன்னைத்தான் பார்ப்பார்கள்.

உன் இஷ்டம். சித்தப்பாவும் பாப்பம்மாள் சித்தியும் தாரை வார்த்தாலும் தாரை தாரைதான்.

தமயந்தி


பூம்பாறை
2-1-1958

தங்கச்சிக்கு,

பத்து நாளாயிற்று. நீ கேட்ட அந்த ஒரு நாளுக்காகக் காதை வெட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உன் மச்சானிடம் பழனிக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் பூண்டு லாரியில் ஏறிக் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரியில் என்னோடு ஆறு பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் காதுதான். பாலசமுத்திரத்து அம்மாள் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர். மகன் மதுரையில் உத்தியோகமாம். மருமகள் இவரோடு கோயிலுக்குப் போக வெட்கப்படுகிறாளாம். ஒவ்வொருவராகத் தண்டட்டியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டோம்.

லேடி டாக்டர் நல்ல மாதிரி. ஊசி போட்டதும் மரத்துவிட்டது. அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் அந்தத் துண்டுகளைக் கேட்டேன். நர்ஸ், "இத என்னம்மா செய்யப் போற?" என்று சிரித்தாள். என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக என் மேல் இருந்தது, கேட்கத் தோன்றியது. தரவில்லை.

வீட்டுக்கு வந்து நின்றதும் உன் மச்சான் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "யாரக் கேட்டு அறுத்த?" என்றார். "என் காதுதான" என்றேன். "இத்தன வருசமா அதப் பாத்துக்கிட்டுக் கெடந்தவன் நான்ல" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் இருட்டித்தான் வந்தார். இன்னமும் என் முகத்துக்கு நேரே சாப்பிட உட்காரவில்லை. சரியாகிவிடும்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தலை லேசாக இருக்கிறது. திரும்பினால் கன்னத்தில் எதுவும் வந்து இடிப்பதில்லை. நேற்றுக் கண்ணாடியில் பார்த்தபோது உன் சாடை தெரிந்தது. இப்போதுதான் நாம் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கிறோம்.

ஆறு மாதத்துக்குக் காது குத்தக் கூடாது, ஒன்றும் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தையல் பிரித்தாயிற்று. தை பதினேழுக்கு அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வருகிறேன்.

வேலுத்தாய்


செண்பகனூர்
9-1-1958

அன்புள்ள அக்கா,

நீ எனக்காகச் செய்ததைப் படித்து அழுதேன். ஆனால் நாம் இரண்டு பேரும் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டோம். இப்போது தலைக்கு மேல் போய்விட்டது.

விஷயத்தைச் சந்தோஷமாக அவருடைய அம்மாவுக்கு எழுதினேன். பதிலுக்கு அவர் நேரிலேயே வந்துவிட்டார். "அறுத்தது சரி. தோடு எங்க? மூளிக் காதோட மணவறையில ஏறித் தாரை வார்க்கிறதா? புருசன வச்சுக்கிட்டு மூளியா நிக்கிறவ கைத்தண்ணி எம்மகன் கையில விழணுமா?" என்றார். சித்தப்பாவும் அதையே சொல்கிறார். தாலி அறுத்தவளுக்குத்தான் வெறுங்காது என்கிறார். உனக்குப் பதில் பாப்பம்மாள் சித்தி தாரை வார்க்கட்டும் என்கிறார்கள். அவருக்குப் புதுச் சேலை கிடைக்கப் போகிறது.

வைத்திருந்தால் பட்டிக்காடு, எடுத்தால் மூளி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இங்கே ஏரிப் பக்கத்துக் கடையில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் போடுகிற கிளிப் தோடு விற்கிறார்கள். துளை வேண்டாம், திருகு வேண்டாம், காதைக் கவ்விக்கொள்ளும். முத்து வைத்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள். தாரை வார்த்ததும் கழற்றிவிடலாம். மாமியாரும் சம்மதித்துவிட்டார்.

வலித்தால் பொறுத்துக்கொள் அக்கா. நீ குணுக்கையே பொறுத்தவள்.

தமயந்தி


பூம்பாறை
12-2-1958

தமயந்திக்கு,

கல்யாணமாகி இரண்டு வாரம் ஆகிறது. நீ எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அன்று காலையில் நீ அனுப்பிய கிளிப்பைப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தலில் உட்கார்ந்தேன். முதலில் வெறும் அழுத்தமாகத்தான் இருந்தது. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்த நேரத்தில் கழுத்தில் ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது. துடைத்தேன், கையெல்லாம் இரத்தம். இடது பக்கம் ஒட்டிய இடம் விட்டுப்போயிருந்தது. அரக்குச் சேலையில் அவ்வளவாகத் தெரியவில்லை, அது ஒரு நல்லது. சித்தி ஓடி வந்து, "கெழவி ஒன்ன உள்ள இருக்கச் சொல்லுது, வெரசா எந்திரி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். உன் மாமியார் சொல்லிவிட்டாராம். வாழை இலையும் பூசணிக்காயும் போட்டு வைத்திருந்த அறை. அங்கே மூட்டை மேல் உட்கார்ந்து, காதில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு கெட்டிமேளத்தைக் கேட்டேன். இலை எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "தாலி அறுத்த பொம்பள போல" என்று பேசிக்கொண்டு போனார்கள். உன் மச்சான் பந்தலில் இருக்க, நான் உள்ளே தாலி அறுத்தவள்.

தாரை வார்த்தது சித்தி. அதை விடு. நீ மாலையும் கழுத்துமாக அந்த அறையைத் தாண்டி இரண்டு தரம் போனாய். கதவு திறந்துதான் இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றிருந்தேன். உனக்கும் அம்மா காது குத்திப் பஞ்சு வைத்தாள். நீ கைக்குழந்தை, வீல் என்று கத்துவாய். எனக்குப் பத்து வயது, என் காதில் நாலு குணுக்கு. அம்மா தோட்டத்துக்குப் போனதும் உன் காதுப் பஞ்சை எடுத்து எறிந்துவிடுவேன். துளை தூர்ந்துவிடும். அம்மா மறுபடி குத்துவாள், நான் மறுபடி எடுப்பேன். கண்டுபிடித்து விறகுக் கட்டையால் அடித்தாள். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசியில், "இதுக்குக் காது வாய்க்கல" என்று சலித்து விட்டுவிட்டாள். உன்னைக் கரை சேர்த்த அளவான காது அப்படி வந்ததுதான்.

நன்றி சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. இரண்டு தரம் அந்தக் கதவைத் தாண்டிப் போனாயே, அந்தக் காதோடுதான் போனாய் என்று தெரிந்துகொள்.

வேலுத்தாய்


பழனி
1-3-1958

அக்காவுக்கு,

புது வீட்டில் கடிதம் எழுத உட்கார்ந்தாலே யாருக்கு என்று கேட்கிறார்கள்.

நீ உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். மணப்பெண் அப்படிப் பாதியில் எழுந்து வர முடியுமா? நான் அழுதால் மை கலையும், ஏன் அழுகிறாள் என்று கேட்பார்கள், எல்லாம் வெளியே வரும். காதை அறுத்துக்கொள் என்று நான் சொன்னேன், ஆனால் முடிவு செய்தது நீ. பஞ்சை எடு என்று நான் கேட்கவும் இல்லை. கைக்குழந்தை எப்படிக் கேட்கும்? செய்ததையெல்லாம் எண்ணி வைத்திருந்து ஒரு நாள் என் தலையில் கொட்டுவாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் காது ஆறியதா என்று கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

தமயந்தி


பழனி
8-6-1965

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். அந்தக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நானும் வீம்பில் இருந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வடிவுக்கு ஐந்து முடிந்துவிட்டது, சின்னவன் கைக்குழந்தை. இரண்டாவதற்குப் பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. முன்பெல்லாம் மாலையில் கடையில் நான்தான் உட்காருவேன். இப்போது உன் மாப்பிள்ளை, "நீ முன்னால உக்காந்தா, இந்தப் பஞ்சாமிர்தத்தத் தின்னா இப்பிடித்தான் ஊதுவோம்னு வர்றவன் நெனப்பான்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இப்போது உள்ளேதான் இருக்கிறேன். கிரிவீதியைத் தினமும் இரண்டு சுற்று நடக்கிறேன், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். என்னால் இளைக்க முடியவில்லை.

என்னை விடு. வடிவைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவளுக்கு இடது கன்னத்தில் பிறக்கும்போதே ஒரு கறுப்பு மச்சம். புளியங்கொட்டை அளவு இருக்கும், மேலே மெல்லிய முடி. அவளுக்கு அது இருப்பதே தெரியாது. மாமியார் ஆள் வந்தால் அவளை வலது பக்கம் திருப்பி உட்கார வைக்கிறார். "பொட்டப்புள்ளைக்கு மூஞ்சிதான மொதலு" என்கிறார். மதுரையில் ஒரு டாக்டர் அதை வெட்டி எடுத்துத் தைத்துவிடுகிறாராம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் செய்துவிட வேண்டும் என்று இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் கத்தி பட்டவள் நீ ஒருத்திதான். உனக்குத் தழும்பு எப்படி ஆறியது? பிறகு காது குத்திக்கொண்டாயா? கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. கோபம் இருந்தால் நீளமாக எழுத வேண்டாம், ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் எல்லாம் நல்லபடியாக ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய் வருகிறேன்.

தமயந்தி


பூம்பாறை
27-6-1965
ஞாயிற்றுக்கிழமை

தமயந்தி,

வேண்டாம். பிள்ளையைத் தொட விடாதே.

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பிரிக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து என்ன வேண்டியிருக்கிறது, கிடக்கட்டும் என்று டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். தினமும் அதைப் பார்ப்பேன், எடுக்க மாட்டேன். இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மச்சான் வேட்டி எடுக்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவ எழுத்தப் பிரிக்காம வச்சிருக்கியே, நீ மனுசியா?" என்று சொல்லி அவரே பிரித்து வாசித்தார். பாவி, நான் என்ன காரியம் செய்தேன்.

என் காது ஆறவில்லை தமயந்தி. புண் மூடியது. மூடின இடத்தில் தழும்பு தடிக்க ஆரம்பித்தது. முதலில் மிளகு, அப்புறம் சுண்டைக்காய், இப்போது இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு, சிவந்து, மழமழவென்று. அரிக்கும், எரியும். மறுபடி அந்த லேடி டாக்டரிடம் போனேன். என்னோடு பெஞ்சியில் இருந்த ஆறு பேருக்கும் நன்றாக ஆறிவிட்டதாம். "இது கத்தியோட குத்தம் இல்லம்மா, ஒன் தோலோட சுபாவம். இத வெட்டுனா இன்னும் பெருசா வளரும். ஒங்க ரத்தத்துல வேற யாருக்கும் இருக்கலாம், கத்தி வைக்காம பாத்துக்குங்க" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். தேவைப்பட்டால் அவளே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காது குத்தவே இல்லை. குத்த இடமில்லை. ஏழு வருஷத்துக்கு மேலாக நான் மூளிதான். சீமந்தத்துக்குப் போவதில்லை, சடங்குக்குப் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், அவர் எப்போது தவறினார் என்று கேட்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அதுவும் முகத்தில், வேண்டாம். மச்சம் இருந்தால் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு அவளைக் கட்டுகிறவன் கட்டட்டும், இல்லாவிட்டால் என்னிடம் அனுப்பு, நான் வளர்க்கிறேன்.

இன்று ஞாயிறு, தந்தி ஆபீசும் இல்லை. உன் மச்சான் விடிந்ததும் முதல் வண்டியில் இதை எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் வரும்வரை எங்கேயும் கிளம்பாதே. காய்ச்சல் என்று சொல், தீட்டு என்று சொல், எதையாவது சொல்.

வேலுத்தாய்


பழனி
21-11-1965

அக்காவுக்கு,

மச்சான் அன்று வந்தபோது நாங்கள் மதுரையில் இருந்தோம். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம். ராத்திரி திரும்பி வந்தபோது கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரென்று நான் சொன்னதும் வடிவு கட்டுப் போட்ட கன்னத்தை அவரிடம் காட்டி, "பெரியப்பா, எனக்கு வலிக்கவே இல்ல" என்றாள். அவர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஐந்து மாதமாக நீயும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

கட்டுப் பிரித்தபோது ஒரு கோடு மட்டும் இருந்தது. மாமியார் சுற்றிப் போட்டார், தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். நீ எழுதியது பொய்யாகட்டும் என்று மலைக்கோயில் படியெல்லாம் ஏறி வேண்டிக்கொண்டேன். ஆவணியில் அந்தக் கோடு தடித்தது. இப்போது அது மச்சத்தை விடப் பெரிது. கண்ணோரத்தை இழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதே டாக்டர், மறுபடி வெட்டலாம் என்கிறார். நான் உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

உன்னைத் திட்டத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். பதினைந்து நாள் பெட்டிக்குள் வைத்திருந்தாயே, உனக்கு மனம் எப்படி வந்தது என்று கேட்க நினைத்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். பதில் வராததை நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டவள் நான். எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

வடிவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். கடைக்கு ஆள் வந்தால் மாமியார், "உள்ள போத்தா" என்பார். அவள் பொம்மையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருப்போம்.

நேற்றுச் சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்து, "பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான் வளந்துச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அவங்களயும் ஆளு வந்தா உள்ள போகச் சொல்லுவாங்களா?"

"ஒரு தரம் சொன்னாங்க. அம்மா கல்யாணத்தன்னைக்கு."

"யாரு சொன்னது? அப்பத்தாவா?"

அப்படித்தான் நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் அக்கா. சித்தி அப்படிச் சொல்லித்தான் உன்னை எழுப்பிக் கூட்டிப்போனார். மாமியார் அன்று உன்னைப் பார்க்கவே இல்லை அக்கா. அவர் சமையல்கட்டில் இருந்தார். இரத்தத்தைப் பார்த்தது நான். சித்தியைக் கூப்பிட்டு, அக்காவை உள்ளே கூட்டிப் போய் உட்கார வை, மாமியார் பெயரைச் சொல், அப்போதுதான் எழுந்திருப்பாள் என்று காதோடு சொன்னதும் நான்தான்.

பிள்ளையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அம்மாதான் சொன்னேன்" என்றேன். வடிவு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மடியிலிருந்து இறங்கி, யாரும் சொல்லாமல், தானே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தமயந்தி